விடுமுறையில் வெட்டிய பாதை

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை, அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர் மேல் 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதைக்கு அப்பலாச்சியன் ட்ரெயில் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அதை நடந்து முடித்தவர்கள் எழுதிய புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஆனால் பாதை என்பது நடப்பதால் மட்டும் நிற்பதில்லை. ஒரு கோடையில் யாரும் வெட்டாமல் விட்டால் முட்புதர் மூடிவிடும். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் அதுவே ஓடையாகிவிடும். நூறாண்டுகளாக இதைத் திரும்பத் திரும்ப வெட்டித் திருத்தி வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர். சனி ஞாயிறுகளிலும் ஆண்டு விடுமுறையிலும் கடப்பாரை தூக்கியவர்கள். அவர்கள் கதையில் கொஞ்சம் புராணமும் கலந்திருக்கிறது.

யோசனை பென்டன் மெக்கேயுடையது. 1879-இல் பிறந்தவர், ஹார்வர்டில் வனவியல் படித்தவர், அரசு வனத்துறையில் வேலை பார்த்தவர், சோஷலிஸ்டுகளோடு பழகியவர். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்த அவர் மனைவி 1921 வசந்தத்தில் தற்கொலை செய்துகொண்டார். துயரத்தோடு நியூ ஜெர்சியில் நண்பர் ஒருவரின் பண்ணையில் தங்கியிருந்தபோது மெக்கே ஒரு கட்டுரை எழுதினார். அந்த நண்பர் கட்டடக் கலைஞர் சங்கத்தின் இதழுக்கு ஆசிரியர். ஆகவே, மலைப்பாதை பற்றிய கட்டுரை 1921 அக்டோபரில் கட்டடக் கலைஞர்கள் படிக்கும் இதழில் வெளிவந்தது.

இன்று அதைப் படிப்பவருக்கு வியப்பாக இருப்பது, அதில் நடைப்பயணம் எவ்வளவு குறைவு என்பதுதான். மெக்கேயின் கவலை ஓய்வு நேரம் பற்றியது. ஆலையிலும் அலுவலகத்திலும் ஆண்டு முழுதும் உழைக்கும் மனிதருக்குக் கிடைக்கும் இரண்டு வார விடுமுறையை என்ன செய்வது? மலைமுகட்டில் ஒரு பாதை, அதையொட்டித் தங்குமிடங்கள், சமூகக் குடியிருப்புகள், உணவு விளைவிக்கும் பண்ணை முகாம்கள் என்று அவர் திட்டம் விரிந்தது. நகரத்தார் வந்து பாதையைப் போடுவார்கள், பயிர் செய்வார்கள், லாப நோக்கம் உள்ளே வராது, கூலி வேலையில் இல்லாத நிறைவு இந்தக் கூலியில்லா வேலையில் கிடைக்கும். பண்ணைகள் வரவில்லை. குடியிருப்புகளும் வரவில்லை. பாதையும், விடுமுறையில் வேலை என்ற எண்ணமும் மட்டும் தப்பிப் பிழைத்தன.

காலமும் வாய்ப்பாக அமைந்தது. 1920-களில் சனிக்கிழமை அரை நாள் விடுமுறை அலுவலக ஊழியர்களுக்குப் பழக்கமாகிவந்தது. 1926-இல் ஹென்றி ஃபோர்டு தம் ஆலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று மாற்றினார். கார் மலிவானதால் மலையடிவாரம் எட்டும் தூரத்துக்கு வந்தது. நியூயார்க்கில் ரேமண்ட் டோரி என்ற பத்திரிகையாளர் மாலை நாளிதழ் ஒன்றில் மலைநடை பற்றிப் பத்தி எழுதிவந்தார். மெக்கேயின் திட்டத்தை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் அவர்தான். டோரியும் அங்கிருந்த நடைக் குழுக்களின் கூட்டமைப்பும் ஆள் திரட்ட, 1923 அக்டோபர் 7 அன்று பேர் மவுன்டன் பகுதியில் பாதையின் முதல் துண்டு திறக்கப்பட்டது.

அதன் பிறகு பேச்சு அதிகம், வேலை குறைவு. 1925-இல் வாஷிங்டனில் மாநாடு கூடியது, அமைப்பு ஒன்று உருவானது, அறிக்கைகள் வந்தன. மலையில் மண் மட்டும் அசையவில்லை. அதை அசைத்தவர் மைரன் ஏவரி. மெய்ன் கடற்கரைச் சிற்றூரில் பிறந்து, வாஷிங்டனில் கப்பல் சட்ட வழக்கறிஞராக இருந்தவர். 1927-இல் அவரும் சில நண்பர்களும் பொட்டோமாக் அப்பலாச்சியன் ட்ரெயில் கிளப் என்ற குழுவைத் தொடங்கினார்கள். வாரம் முழுதும் கோப்பு பார்த்தவர்கள் வார இறுதியில் அரிவாளும் கத்தரியும் எடுத்துக்கொண்டு ப்ளூ ரிட்ஜ் மலைக்குப் போனார்கள். ஏவரி ஒரு சைக்கிள் சக்கரத்தில் தூரம் காட்டும் கருவியைப் பொருத்தி, அதைத் தள்ளிக்கொண்டே முகடு முகடாக அளந்தார். பல ஆண்டுகள் துண்டு துண்டாக நடந்து 1936-இல் முழுப் பாதையையும் முடித்த முதல் ஆள் என்று பெயர் பெற்றவரும் அவரே. புதிய ஊர்களுக்குப் போய்க் குழுக்களை உருவாக்கினார், கடிதம் மேல் கடிதமாக எழுதி வேலை வாங்கினார். இனிமையாகப் பேசத் தெரியாது. மெய்னிலிருந்து ஜார்ஜியா வரை ஏவரி இரண்டு பாதை போட்டார், ஒன்று மலைமேல், மற்றொன்று மனம் புண்பட்டவர்கள் வரிசை என்று பின்னாளில் கேலி பேசினார்கள்.

கனவு கண்டவருக்கும் வேலை முடித்தவருக்கும் முட்டிக்கொண்டது ஷெனன்டோவாவில். வர்ஜீனியாவின் அந்த மலைப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1931-இல் முகட்டின் மேல் ஸ்கைலைன் டிரைவ் என்ற கார்ச்சாலை போடத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் வெட்டிய பாதை பெரும்பாலும் அந்தச் சாலைக்கு அடியில் போய்விட்டது. எதிர்த்துப் போராட வேண்டும் என்றார் மெக்கே. சாலையைத் தடுக்க முடியாது, பதிலுக்கு அரசு நல்ல பாதை போட்டுத் தருகிறது, வாங்கிக்கொள்வோம் என்றார் ஏவரி. 1935-இல் சூடான கடிதங்கள் பறந்தன, அத்தோடு இருவர் உறவும் முறிந்தது. மெக்கே அதே ஆண்டு வில்டர்னஸ் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஏவரி பாதை அமைப்பின் தலைவராக 1952 வரை நீடித்து, அந்த ஆண்டே இறந்தார். யார் பக்கம் நியாயம் என்று இன்னும் வாதிடுகிறார்கள். கொள்கை மெக்கேயிடம் இருந்தது. ஆனால் ஏவரி விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

தன்னார்வலர் புராணத்தில் விடுபட்டுப்போகும் பகுதியும் இங்கேதான் வருகிறது. ஷெனன்டோவாவில் பாதையைத் திரும்பப் போட்டவர்கள் விடுமுறையில் வந்த வழக்கறிஞர்கள் இல்லை. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள். அதிபர் ரூஸ்வெல்ட் 1933-இல் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் படையில் சேர்ந்தவர்கள். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்னில் ஸ்பால்டிங், ஷுகர்லோஃப் மலைகளுக்கு நடுவே கடைசித் துண்டை வெட்டி முழுப் பாதையையும் இணைத்ததும் அந்தப் படையின் ஒரு குழுதான். அன்று விழாவெல்லாம் எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஷெனன்டோவா பூங்காவுக்காக ஏறத்தாழ 500 மலைக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. படையின் முகாம்களில் கறுப்பினத்தவர் தனியே பிரிக்கப்பட்டிருந்தார்கள். பூங்காவிலும் அவர்களுக்கென்று லூயிஸ் மவுன்டன் என்ற தனி இடம் ஒதுக்கப்பட்டது. மலைக்குப் போய் உடல் வருந்த உழைப்பதை விளையாட்டாக நினைக்க முடிந்தது யாரால் என்று கேட்டால், பதில் அவ்வளவு இனிமையாக இருக்காது.

இணைந்த பாதை முழுதாக இருந்தது ஓராண்டுதான். 1938 செப்டம்பரில் பெரும்புயல் நியூ இங்கிலாந்தின் காடுகளைச் சாய்த்தது. தெற்கே ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற இன்னொரு கார்ச்சாலை நெடுந்தூரம் பாதையை விழுங்கியது. அடுத்து உலகப் போர், பெட்ரோல் பங்கீடு. வார இறுதியில் மலைக்குப் போக வண்டியில்லை, போகும் வயதுப் பையன்கள் போர்முனையில். மறுபடியும் முழுப் பாதையும் இணைந்துவிட்டது என்று சொல்ல 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1948-இல் ஏர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் படைவீரர் ஒரே மூச்சில் முழுதும் நடந்து முடித்ததாகச் சொன்னபோது, பாதையைப் பராமரித்த அமைப்புக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. பாதையின் நிலைமை அவர்களுக்குத் தெரியும் அல்லவா! 1955-இல் ஓஹையோவைச் சேர்ந்த 67 வயது எம்மா கேட்வுட் அதை நடந்தார். 11 பிள்ளைகள் பெற்றவர். கால்களில் கேன்வாஸ் ஷூ, தோளில் கையால் தைத்த ஒரு பை. கூடாரம்கூட எடுத்துப்போகவில்லை. முடித்ததும் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, பாட்டி பாதையை ஒரு பிடி பிடித்துவிட்டார். விழுந்த மரங்கள், மூடிக்கிடந்த புதர்கள், இடிந்த கொட்டகைகள் என்று அடுக்கினார். பராமரிப்புக் குழுக்களுக்கு அது உறைத்தது. பல இடங்களில் வேலை மறுபடி தொடங்கியது.

அதே 1955-இல் வாஸர் கல்லூரி மாணவி எலிசபெத் குஷ்மன் தம் இளங்கலை ஆய்வேட்டில் ஒரு திட்டம் எழுதினார். தேசியப் பூங்காக்களில் கூட்டம் அதிகம், கைகள் குறைவு. கோடை விடுமுறையில் மாணவர்களை அனுப்பினால் என்ன? 1957-இல் மேற்கே ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களுக்கு முதல் அணிகள் போயின. ஸ்டூடன்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன் இப்படிப் பிறந்தது. படைக்குப் பதில் மாணவர், சம்பளத்துக்குப் பதில் அனுபவம். 1970-இல் பூங்காத் துறை தன்னார்வலர்களை முறையாகச் சேர்த்துக்கொள்ளத் தனிச் சட்டமே வந்தது.

அப்பலாச்சியன் பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு 1968-இல் தேசியப் பாதைகள் சட்டத்தின் மூலம் கிடைத்தது. விசித்திரமான திருப்பம் 1984-இல் வந்தது. தேசியப் பூங்காத் துறை பாதை நிலங்களின் அன்றாடப் பொறுப்பை ஒப்பந்தம் போட்டு ஏவரி வளர்த்த அதே தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைத்தது. கூலி வாங்காதவர்களிடம் அரசு தன் நிலத்தின் சாவியைக் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய உதாரணம் அந்நாட்டில் வேறு கிடைப்பது அரிது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 பேர் ஆண்டுக்கு 2,00,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள்.

அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆண்டு, 1983-இல், வர்ஜீனியாவின் கொன்னராக் என்ற இடத்தில் ஓர் அணி தொடங்கியது. உள்ளூர்க் குழுக்களால் முடியாத கனமான வேலைகள் அதற்கு. உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம், முன் அனுபவம் வேண்டாம், சாப்பாடும் தங்குமிடமும் கருவிகளும் அமைப்பின் பொறுப்பு. விடுமுறையை இப்படிக் கழிக்க ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். இதே முறையில் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவிலும் அணிகள் உருவாயின. ஸ்மோக்கியில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. அதன் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும்.

வந்தவர்கள் முதலில் கற்பது, எதிரி நடப்பவரின் கால் இல்லை, தண்ணீர் என்பதுதான். ஆரம்பகாலத்தார் உற்சாகத்தில் சிகரத்துக்கு நேர்க்கோட்டில் பாதையை ஏற்றிவிட்டார்கள். காலடி பட்டுப் புல் போய்ப் பள்ளம் விழ, மழைநீர் அந்தப் பள்ளத்தையே வாய்க்காலாக்கிக் கொண்டது. இன்று பாதையைச் சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் வளைத்துக் கொண்டுபோகிறார்கள். வெளி ஓரம் சற்றுத் தாழ்ந்திருக்கும், தண்ணீர் தேங்காமல் கடந்துவிடும். இறக்கத்தில் ஆங்காங்கே ஒரு பள்ளமும் மேடும் அமைத்து நீரைத் திருப்பிவிடுவார்கள். வட கரோலினாவின் கொவீட்டா நீரியல் ஆய்வகத்தில் மரவண்டிச் சாலைகளுக்காகக் கண்ட உத்தி அது. இப்படி வழி மாற்றி மாற்றி, 1937-இல் இருந்த தடத்தில் பெரும்பகுதி இன்றைய பாதையில் இல்லை.

கருவிகளுக்கும் கதை உண்டு. ஒரே காம்பில் ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்கொத்தும் உள்ளதைப் புலாஸ்கி என்பார்கள். 1910-இல் ஐடஹோவில் பெருங்காட்டுத்தீ சூழ்ந்தபோது ஏறத்தாழ 40 பேரைச் சுரங்கத்துக்குள் ஓட்டிச்சென்று காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளுக்குள் இயந்திர ரம்பம் கொண்டுபோகக் கூடாது. அதனால் விழுந்த மரத்தை இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து இழுக்கும் நீள ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் ரம்பம் வளைந்து சிக்கிக்கொள்ளும். இதற்குப் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயம்.

1923-இல் திறந்த பேர் மவுன்டன் துண்டின் கதி என்ன ஆனது? நியூயார்க் நகரத்துக்கு அருகில் இருப்பதால் கூட்டம் தாங்காமல் தேய்ந்து அகன்று பாறையும் வேருமாகிவிட்டது. அங்கே பல ஆண்டுகள் தன்னார்வலர்கள் கல்லுடைக்கக் கற்றுக்கொண்டு, கம்பிவடம் கட்டிப் பாறைகளை நகர்த்தி, 1,000-க்கும் மேற்பட்ட கருங்கற் படிகளைப் பதித்தார்கள். 2018-இல் வேலை முடிந்தது. முதல் முறை அதை விரைவாகவே வெட்டிவிட்டார்கள் என்பதை நினைத்தால், பாதை போடுவதைவிடக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை என்பது விளங்கும்.

தன்னார்வலரைக் கொண்டாடும் அரசு செலவு செய்யத் தயங்குகிறது என்ற புகார் பழையது. 2023 கணக்கில் தேசியப் பூங்காத் துறையின் நிலுவைப் பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2,300 கோடி டாலருக்கு மேல். சாலை, குழாய், கட்டடம் எல்லாம் அதில் அடக்கம். வார இறுதிக் கடப்பாரைகளால் இந்தத் தொகை குறையப்போவதில்லை.

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் தெற்கு அப்பலாச்சியனைத் தாக்கியது. முகடுகளில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. டென்னசியின் எர்வின் ஊருக்கு அருகே நாலிச்சக்கி ஆற்றின் மேல் பாதை கடக்கும் பாலம் வெள்ளத்தோடு போனது. அந்தப் பகுதியின் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையைக் கவனிக்கும் கரோலினா மவுன்டன் கிளப் 1923-இல் தொடங்கியது. அதன் ஊரான ஆஷ்வில்லில் குடிநீர் சீராக 53 நாள் ஆனது. உறுப்பினர்கள் முதலில் தங்கள் வீட்டு வாசலில் விழுந்த மரங்களை அறுத்தார்கள், பிறகுதான் மலைக்குப் போனார்கள். 2025 வசந்தத்தில் வடக்கு நோக்கி நடந்தவர்களை நாலிச்சக்கி ஆற்றில் படகில் ஏற்றி அக்கரையில் விட்டார்கள். மெய்னின் கெனபெக் ஆற்றில் 1980-களிலிருந்து அப்படி ஒரு படகு ஓடுகிறது. மரங்களில் வழிகாட்டும் வெள்ளைப் பட்டையை அதன் அடித்தட்டிலும் வரைந்துவைத்திருக்கிறார்கள், ஆற்றைக் கடப்பதும் பாதையில் நடந்த கணக்கில் சேர வேண்டும் என்பதற்காக.