பார், பாறை, பார்த்தான்

பெரியப்பாவின் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது இரண்டு மாலை போதும் என்று நினைத்தேன். முத்துக்குளிப்பு பற்றி அவர் எழுதி வைத்திருந்த நூற்றிச் சொச்சம் பக்கங்கள். 2001 வாக்கில் தூத்துக்குடியில் ஒரு டிடிபி கடையில் அடித்தது. இப்போது திறந்தால் கோழி கிளறிய மாதிரிதான் தெரியும்.

அந்தக் கால எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே மாற்றி என்று நாம் சொல்வதெல்லாம் வரிசையாக அடுக்கிய தேடி மாற்றும் விதிகள்தான். 'கொ', 'கோ'வுக்கான விதி முதலில் ஓட வேண்டும், 'கெ', 'கே' பிறகு. வரிசை மாறினால் கால் தனியாக நிற்கும். அதைச் சரியாகவே செய்துவிட்டேன். தப்பு செய்தது அடுத்த நாள்.

'பார்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. கடலடியில் முத்துச்சிப்பி படியும் கெட்டித் தரையை எங்கள் கரையில் பார் என்றுதான் சொல்வார்கள். தோலாயிரம் பார் அதில் பேர் போனது. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதனால் இன்றைய வாசகருக்குச் சொல் புரியாது என்று நானே முடிவு செய்து, 'பார்' என்பதை 'பாறை' என்று மாற்றச் சொல்லி 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தினேன். சில நூறு இடங்கள், ஒரு நொடி. சேமித்து மூடிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் படித்தால், தோணியில் நின்ற சம்மாட்டி கடலைப் 'பாறைத்தார்'. குளிப்பவரின் மனைவி கரையில் வழி 'பாறைத்து' நின்றாள்.

அந்த 'பாறைத்தார்'களைத் திரும்ப மாற்றுவது சுலபம். சுலபமில்லாதது வேறு. பெரியப்பா சில இடங்களில் பாறை என்றே எழுதியிருந்தார். எது அவருடைய பாறை, எது நான் செய்த பாறை? இரண்டு சொல்லை ஒரு சொல்லாக்கிவிட்டால் அதைத் திருப்பிப் பிரிக்க எந்த விதியாலும் முடியாது. பெரியப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவர் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

இந்த வசதியின் வரலாறு அப்படியொன்றும் பழையது இல்லை. ஒழுங்குக் கோவை என்ற கணிதக் கருத்தை 1950களில் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். கென் தாம்சன் அதை எடிட்டருக்குள் கொண்டுவந்தார், அது பற்றிய அவரது கட்டுரை 1968இல் வெளியானது. அவருடைய 'எட்' எடிட்டரில் வரிகளைத் தேடி அச்சிடும் கட்டளையிலிருந்து பிறந்ததுதான் 'கிரெப்'. இவர்கள் கண்முன் இருந்தது ஆங்கிலம். அதில் ஒரு எழுத்து என்றால் ஒரு குறி.

தமிழில் அப்படி இல்லை. 'ல்' என்பது கணினிக்கு ல, புள்ளி என்று இரண்டு. 'கடல்' என்று தேடினால் 'கடலில்', 'கடலோரம்' கிடைக்காது. சரி, 'கடல' என்று தேடினால் எல்லாம் வரும், கூடவே கோவில்பட்டி கடலை மிட்டாயும் வரும். 

யோசித்தால், சொல்லை ஒன்றாக்கிக் குழப்பும் இந்த வேலை எங்கள் கரைக்குப் புதிது இல்லை. அன்ரீக்கே அன்ரீக்கசு பாதிரியார் இந்தக் கரையில் தமிழ் படித்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலை அச்சிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. முத்துக்குளித்துறைப் பரவர்கள் கொடுத்த பணம் அதில் இருந்தது. அடுத்து 1586இல் அடியார் வரலாறு, அது அச்சானது தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் என்று கருதப்படுகிறது.

அந்தக் காலத்து ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் அருகிப் போயிருந்தது. குறில் நெடிலும் பிரிவதில்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே மாதிரி, 'கொடு'வும் 'கோடு'ம் ஒரே மாதிரி. வாசிப்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொண்டார். இழந்த தகவலை மனித மூளை நிரப்பியது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்தபோது இந்தச் சுமை குறைந்தது. ஒன்றாகக் கிடந்ததை இரண்டாக்கினார். இது என் பொத்தான் செய்ததற்கு நேர் எதிரான வேலை. இதற்கு ஒவ்வொரு சொல்லையும் யாராவது படித்துத்தான் ஆக வேண்டும்.

2020இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. தூத்துக்குடியும் பட்டியலில் இருந்தது. நோக்கம் சரி. ஆனால் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்தார்கள். ஈகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே ஆங்கில இரட்டை எழுத்து! வீரமாமுனிவர் பிரித்து வைத்த ஏகாரத்துக்கு இன்னொரு சிக்கல். கிண்டல் எழுந்ததும் சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாணைக்கு 'அன்டூ' உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

எல்லா மாற்றத்துக்கும் அது இல்லை. 1986இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது எங்கள் மாவட்டத்தின் பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயர். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 2011இல் அதே பெயர் துறைமுகத்துக்கு வந்தது, வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று. என் பிறப்புச் சான்றிதழில் சிதம்பரனார் மாவட்டம் என்றுதான் இருக்கிறது. ஒரு இணையப் படிவத்தில் பிறந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பட்டியலில் அது இல்லை. தூத்துக்குடி என்று போட்டேன். சான்றிதழோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியப்பாவின் 1990ஆம் வருஷத்துக் கட்டுரையில் சிதம்பரனார் மாவட்டம் என்று இருந்தால் அது பிழை இல்லை, அந்த வருஷத்தின் உண்மை.

அப்புறம்தான் கருவிகளை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன். விம் எடிட்டரின் 'அபோலிஷ்' செருகுநிரல், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டைக் காப்பாற்றி மாற்றும் கெட்டிக்காரன், தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. விஎஸ் கோடில் ஒரு கோப்புக்குள் தேடும்போது ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம். அதன் சொல் எல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் எழுத்து, 'பார்' எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. பெர்ல் வகைக் கோவைகளில் க, புள்ளி இரண்டையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பிடிக்கும் குறி உண்டு, அது உதவியது. எனக்குப் பிடித்தது ஈமேக்ஸின் 'டபிள்யூகிரெப்'. தேடலில் கிடைத்த வரிகளையெல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டும். அங்கேயே ஒவ்வொன்றாகத் திருத்தினால் மூலக் கோப்புகளில் எழுதிவிடும். மெதுவான வழி. ஆனால் படித்துத்தான் திருத்த முடியும்.

ஆனாலும் எந்தச் செருகுநிரலும் அவருடைய பாறையைக் கண்டுபிடித்துத் தராது. நல்லவேளை, தூத்துக்குடியில் இருக்கும் பெரியப்பா மகள் ஒரு பழைய அச்சுப்பிரதி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா பக்கம் பக்கமாக வாசிக்க, நான் மடிக்கணினியில் திருத்தினேன். பாதியில் நிறுத்திக் கேட்டார்: "ஏம்ல, பாருன்னா யாருக்கும் வெளங்காதுன்னு ஒனக்கு யார்ல சொன்னா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாப் பாரையும் திரும்ப வைத்துவிட்டேன். முதல் பாருக்குக் கீழே மட்டும் பொருள் என்னவென்று ஒரு வரி சேர்த்தேன்.