மின்னேடுகளில் எழுத்துத் திரிபு

பழைய நூல்களைப் பதிப்பிக்கப் புகுவோர், ஏடெழுதுவோரால் நேர்ந்த திரிபுகளை முதற்கண் ஆராய்தல் மரபு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமை, எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தாமை, காலும் ரகரமும் ஒரு வடிவினவாதல் ஆகிய மூன்றும் பாடவேறுபாட்டிற்குப் பெருங்காரணங்களாயின என்பது அறிஞர் அறிந்ததே. அச்சு வந்தபின் இம்மயக்கங்கள் பெரும்பாலும் நீங்கின. ஆயின், கணிப்பொறி வந்தபின் வேறொரு மயக்கம் நம் நூல்களுள் புகுந்துள்ளது. உள்ளிருக்கும் எழுத்து ஒன்றாகவும், புறத்தே காணும் தோற்றம் மற்றொன்றாகவும் அமைவதே அது. அதன் வரலாற்றையும், அதனால் ஆராய்ச்சிக்கு நேரும் இடரையும், அதனைக் களையும் நெறியையும் ஈண்டு ஆராய்வோம்.

ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன் யாம் எழுதிய ஆய்வேட்டின் மின்படியை அண்மையில் திறந்து நோக்கினோம். தமிழெழுத்து ஒன்றேனும் அதன்கண் இல்லை. பக்கந்தோறும் உரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே நிறைந்திருந்தன. மின்படி கெட்டொழிந்தது என்றே உடனிருந்தோர் கருதினர். உண்மையில் அதன்கண் ஓர் எழுத்தும் கெடவில்லை. கெடாத ஒன்று கெட்டதாகத் தோன்றியது எங்ஙனம்?

வடிவும் எண்ணும்

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய காலந்தொட்டு, அச்சுக்கூடத்தில் எழுத்தென்பது கையாற் பற்றிக் கோக்கத்தக்க ஒரு பொருளாகவே இருந்தது. அவ்வச்சின் வடிவும் அவ்வெழுத்தும் வேறல்ல. கணிப்பொறியிலோ எழுத்தென்பது ஓர் எண். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் தருவது எழுத்துரு. எவ்வெண் எவ்வெழுத்தைக் குறிக்கும் என வகுத்தலே குறியேற்றம் எனப்படும்.

1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியேற்றம் 128 இடங்களையே உடையது. ஆங்கிலத்தை நோக்கி அமைந்தது. பின்னர் இடங்கள் 256 ஆக விரிந்தபோதும், 247 எழுத்துகளையுடைய தமிழுக்கு முறையான இடம் அதன்கண் இல்லை. ஆதலின், தமிழ் எழுத்துரு வகுத்தோர் உரோமன் எழுத்துகளின் இடங்களிலோ, எஞ்சிய மேல் இடங்களிலோ தமிழ் வடிவங்களை அமைத்தனர். ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு அமைத்தமையின் ஒன்றோடொன்று ஒவ்வாத குறியேற்றங்கள் பல தோன்றின.

இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதுங்கால், கணிப்பொறி தன்னுள் கொள்வன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள பொறியில் அவை 'தமிழ்' எனத் தோன்றும். அஃதில்லாப் பொறியில் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகத் தோன்றும். எமது ஆய்வேட்டிற்கு நேர்ந்ததும் இதுவே.

இக்குழப்பத்தை நீக்கும் முயற்சிகளும் உடனெழுந்தன. பல நாட்டுத் தமிழறிஞர் கூடி 1990களின் பிற்பகுதியில் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். தமிழ்நாட்டு அரசு 1999இல் தாம், தாப் என்னும் இரண்டினை ஏற்றது. இவையும் தம்முள் வேறுபட்டனவாதலின், பழைய குழப்பம் குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

ஒருங்குறியும் எழுத்து வரிசையும்

உலக மொழிகட்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி 1991இல் வெளிவந்தது. இந்திய மொழிகட்கென வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் இன்மையின், மெய்யேறிய அகரத்தை முன்வைத்து உயிர்க்குறியைப் பின்வைக்கும் முறை கொள்ளப்பட்டது. உயிர்மெய் முதலியவற்றிற்கும் தனியிடம் தரும் பதினாறு பிட் முறை ஒன்றினையும் 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு ஏற்றதெனினும், பெருவழக்குப் பெற்றது ஒருங்குறியே.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. 'கெ' என்பதை எழுதுங்கால் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்பதையே கண் காணும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அவ்வரிசையே உள்ளும் அமைந்தது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக ஒலிமுறையே வரிசையாயிற்று. காட்சி வரிசைக்கும் ஒலி வரிசைக்கும் உள்ள இவ்வேறுபாடே இன்று காணும் பல திரிபுகட்கு மூலம்.

1993இல் தோன்றிய பி.டி.எஃப். வடிவத்தில் இஃது இனிது விளங்கும். பக்கத்தின் தோற்றம் எங்கும் மாறாதிருத்தலே அவ்வடிவத்தின் நோக்கம். எழுத்துரு அதனுள் பொதியப்படாவிடின், படிப்போர் பொறி வேறோர் எழுத்துருவைக் கொண்டு நிரப்ப முற்படும். எழுத்து மாறும் அல்லது வெறுங்கட்டமாகும். எழுத்துருவைப் பொதிந்தவிடத்தும் குறை முற்றும் நீங்குவதில்லை. பக்கத்தில் வைக்கப்படுவன வடிவங்களே. அவ்வடிவங்கள் எவ்வெண்களுக்குரியன என்னும் அட்டவணை செம்மையாக இல்லையேல், படிப்பதற்குப் பிழையற்ற பக்கத்திலிருந்து படியெடுக்குங்கால் 'பொருள்' என்பது 'ெபாருள்' எனத் திரிந்து வரும். கொம்பு தனித்து நிற்க, அதனருகே புள்ளிவட்டம் ஒன்று தோன்றுவது இத்திரிபின் அடையாளம்.

கண் காணாப் பிழை

மேற்கூறியவை கண்ணுக்குப் புலனாவன. ஆதலின் அவற்றால் விளையும் தீங்கு சிறிது. புலனாகாதனவே அஞ்சத்தக்கன. 'ஔ' என்னும் உயிர் ஓரெழுத்து. அதனை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து எழுதினும் தோற்றம் ஏறத்தாழ ஒன்றே, எண்ணோ வேறு. கௌகார முதலியவற்றிலும் இவ்வாறே ளகரம் வந்து புகும். 2005இல் வெளிவந்த ஒருங்குறிப் பதிப்பில் வடமொழிச் சகரத்திற்குத் தனியெண் தரப்பட்டபின், 'ஸ்ரீ' என்பதும் இருவேறு எண்கோவைகளால் எழுதப்பட்டு ஒரே தோற்றத்துடன் நிற்கின்றது.

இதனால் விளைவது யாது? புறநானூற்று மின்படி ஒன்றில் 'ஔவையார்' என்னும் பெயர் ஒகர ளகரங்களால் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். மாணாக்கர் ஒருவர் ஔகாரத்தை இட்டுத் தேடின், அப்பெயர் அந்நூலில் யாண்டும் இல்லை என்றே கணிப்பொறி விடை கூறும். சொல்லடைவு தொகுப்பின், ஓகாரத்தின்பின் வரவேண்டிய அச்சொல் 'ஒளி', 'ஒளிறு' முதலியவற்றிடையே சென்று நிற்கும். இன்ன நூலில் இன்ன சொல் வழங்கவில்லை என்னும் எதிர்மறைச் சான்றைக் கொண்டு நூலின் காலத்தையும் ஆசிரியரையும் துணிவது நம் ஆராய்ச்சி முறைகளுள் ஒன்று. அச்சான்று எழுத்துத் திரிபின்மேல் எழுப்பப்படுமாயின், அம்முடிபு எத்துணை உறுதியுடையதாகும்?

களையும் நெறி

திரிபு கண்டவிடத்து உடனே திருத்தத் தொடங்குதல் தகாது. ஓலையின் பாடத்தைப் பேணிக்கொண்டே திருத்தத்தை ஆராய்வது போல, மூல மின்படியை மாற்றாது வைத்துப் பிறிதொரு படியிலேயே ஆராய்தல் வேண்டும்.

வெறுங்கட்டங்கள் தோன்றின், பெரும்பாலும் குறை எழுத்துருவினது, பாடத்தினது அன்று. சான்றாக, பழங்கணக்குகளிற் பயிலும் பின்னக் குறிகள் முதலிய 51 குறியீடுகள் 2019ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் ஒருங்குறிப் பதிப்பில் இடம்பெற்றன. அவற்றின் வடிவங்கள் இல்லாத எழுத்துருவில் கட்டங்களே தோன்றும். உரிய எழுத்துருவை நிறுவுதல் போதும். உரோமன் எழுத்துகள் தோன்றின், பழைய குறியேற்றத்தை முதலில் இனங்காணல் வேண்டும். எழுத்துருவின் பெயர் மறைந்துபோயினும் எழுத்துகளின் பயிற்சி அதனைக் காட்டிக்கொடுக்கும். சொல்லிறுதிதோறும் அரைப்புள்ளி மிகுந்து வருமாயின் பாமினி என ஐயுறலாம். மாற்றுங்கால் இடையே வரும் ஆங்கில மேற்கோள்களும் தமிழெழுத்துகளாகத் திரியுமாதலின், அவற்றை முன்னரே பிரித்துவைத்தல் நன்று. கொம்பு முன் நிற்பின் வரிசையைச் செப்பஞ்செய்க. ஒத்த தோற்றமுடையனவற்றைக் கண்ணால் அன்றி எண்ணால் நோக்குக.

இனி எழுதுவோர்க்கும் ஒரு கடப்பாடு உண்டு. நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ என்னும் தரம், எழுத்துருக்களை உள்ளே பொதிதல் வேண்டும் என விதித்துள்ளது. 2011இல் வந்த அதன் இரண்டாம் பகுதி, எழுத்துகள் ஒருங்குறியோடு பொருந்துதற்கென ஒரு நிலையையும் வகுத்தது. ஆய்வேடுகள் அந்நிலையில் அளிக்கப்படின் பின்வருவோர் இடர்ப்படார்.

எமது ஆய்வேட்டை இந்நெறியால் மீட்டு, அச்சுப்படியோடு வரிவரியாக ஒப்புநோக்கினோம். மீண்டதன்கண் ஒகர ளகர மயக்கம் பலவிடங்களில் இருந்தது. அவை மாற்றத்தால் நேர்ந்தன அல்ல. அன்று எம் கையாலேயே புகுந்தவை. அச்சுப்படியைப் பலர் படித்தும் ஒருவர் கண்ணுக்கும் அவை புலப்படவில்லை. ஏடெழுதுவோரைக் குறைகூறும் நாமும் ஏடெழுதுவோரே என்பதை அன்று உணர்ந்தோம்.