கிட்டங்கியும் பட்டமும்

மாசிமகத்தன்று வெள்ளித்தேர் வந்தடையும் செங் சன்னாசிமலைக் கோயில், மலாக்கா நகரத்தார் பேணிவருவது. கடல் கடந்து லேவாதேவி நடத்திய அம்மரபினர்க்குக் கிட்டங்கியே கல்லூரியாய் விளங்கிற்று. பெட்டியடிப் பையனாகப் புகுந்த சிறுவன் ஏவல் செய்தான், கணக்கெழுதினான், வட்டியை மனத்திலேயே பெருக்கக் கற்று அடுத்தாளானான், பின்னர் மேலாளாய் உயர்ந்தான். சான்றிதழ் ஏது? பேரேடு பிசகாதிருந்ததே தேர்ச்சி. ஆயினும் அக்கல்வி உறவின் வாயிலைத் தாண்டவில்லை. தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரின் பிள்ளைகட்கு அஃது எட்டாக்கனி.

2000ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, இன்று டுரியான் துங்கலில் இயங்கும் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தொழில்நுட்பத் தொழில்முனைவை இளங்கலைப் பட்டமாகவே கற்பிக்கின்றது. குலம் கேட்கும் வாயில் அன்று அது. ஆனால், பட்டம் பெற்றவன் கடை திறக்க முதலுக்கு எங்கே போவான்? கிட்டங்கியில் பயின்றவனுக்கு அதனை உறவினரே தந்தனர்.