எக்ஸ்பி போட்டுத் தாங்கோ

புதுசா ஒரு கொம்பியூட்டர் வாங்கி, அதோட வந்த விண்டோஸை அழிச்சுப்போட்டு அதைவிடப் பழைய விண்டோஸைப் போடுறது, இப்ப கேட்டால் விசர்வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் எங்கட அண்ணாமார், அக்காமார் முதல் கணினி வாங்கின காலத்தில் உடுவில், மருதனார்மடம், சுன்னாகம் பக்கத்துக் கடைகளில் "போர்மட் அடிச்சு எக்ஸ்பி போட்டுத் தாங்கோ" என்பது சாதாரண வசனம். பழசில உள்ள ஆசை என்று அதைச் சிரிச்சுப்போட்டு விடலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் தமிழை எப்படித் தட்டச்சு செய்தோம் என்ற வரலாறும் அந்த வசனத்துக்குள்ள இருக்கு.

முதலில் உலகக் கதை. விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபரில் வந்தது. அதுக்கு அடுத்த விஸ்டா கடைக்கு வர ஐந்து வருசத்துக்கு மேல் எடுத்து, 2007 ஜனவரி 30 ஆயிற்று. அந்த நேரம் எங்கட ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது. அரிசிக்கும் சீனிக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த குடாநாட்டில விஸ்டா வந்ததா இல்லையா என்று ஆர் கவலைப்பட்டிருப்பினம்? வெளியில் கவலைப்பட்டார்கள். எக்ஸ்பிக்கு 128 எம்பி நினைவகம் இருந்தால் போதும் என்று சொன்ன மைக்ரோசொப்ட், விஸ்டாவுக்கு ஒரு ஜிபி கேட்டது. பழைய பிரின்டர், ஸ்கேனர் பலதுக்கு டிரைவர் இல்லை. வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டு, 2007 ஏப்ரலிலேயே டெல் நிறுவனம் வீட்டுக் கணினிகளில் எக்ஸ்பியைத் திரும்பத் தரத் தொடங்கியது. 2008இல் 'இன்ஃபோவேர்ல்ட்' இதழ், எக்ஸ்பியை நிறுத்தவேண்டாம் என்று நடத்திய இயக்கத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள்.

மைக்ரோசொப்ட் பழையதுக்குத் திரும்ப ஒரு வழி வைத்திருந்தது. அதுக்குப் பெயர் 'டவுன்கிரேட் உரிமை'. ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. விஸ்டா பிஸ்னஸ், அல்டிமேட் என்ற விலைகூடிய பதிப்புகளோட கணினி வாங்கினவர் எக்ஸ்பி புரொபெஷனலுக்குத் திரும்பலாம். ஹோம் பதிப்பு வாங்கினவருக்கு அந்த உரிமை கிடையாது. காசு கூடக் கொடுத்தவருக்கே பின்னால் போகச் சட்டப்படி அனுமதி! எங்கட ஊர்க் கடைகளில இந்தச் சட்டம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்: கள்ள சீடி.

இனித்தான் எங்கட கதை. தமிழ் யுனிகோடைப் பொறுத்தவரை விஸ்டா எக்ஸ்பியைவிட நல்லது. எக்ஸ்பியில் 'லதா' எழுத்துரு இருந்தாலும், கொன்ட்ரோல் பனலுக்குள் போய் ஒரு பெட்டியில் சரி போட்டு, நிறுவும் சீடியையும் திரும்பப் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். விஸ்டாவில் அந்தக் கரைச்சல் இல்லை. சிங்கள எழுத்துருவும் விண்டோஸோடேயே வந்தது விஸ்டாவில்தான். அதாவது இலங்கையின் இரண்டு மொழியும் பெட்டியைத் திறந்தவுடன் வேலைசெய்த முதல் விண்டோஸை அழிச்சுப்போட்டுத்தான் நாங்கள் எக்ஸ்பி போட்டோம்.

காரணம் 'பாமினி'. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பழைய எழுத்துரு அது. ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. இவ்வளவையும் அடிச்சால் 'தமிழ்' என்று திரையில் வரும். உள்ளுக்குள்ள கணினிக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை, எழுத்துருவை மாத்தினால் குட்டு வெளிப்படும். ஆனால் ரைப்செற்றிங் செய்பவரின் விரல்கள் பாமினிக்குப் பழகியிருந்தன. விண்டோஸோட வந்த தமிழ் விசைப்பலகையோ இந்தியாவின் 'இன்ஸ்கிரிப்ட்'. இங்க ஒருத்தருக்கும் பழக்கமில்லாதது. அதோட பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான 7 வந்ததும் 2001இல்தான். அடோப் அதை விஸ்டாவுக்கு ஏற்றபடி திருத்தவே இல்லை, இன்டிசைனுக்கு மாறச் சொன்னது. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. பாமினிக்கு அது தேவையுமில்லை. எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பாமினி என்று மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நின்றன. ஒன்றைக் கழட்டினால் அச்சகத்தில் வேலை நிக்கும். பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோட் அடிக்க இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருட்கள் இருந்தும், அடிச்சதைப் பேஜ்மேக்கருக்குள்ள கொண்டுபோக முடியாததால் அச்சகங்களுக்கு அவற்றால் பயன் குறைவு.

ஆகவே பின்னால் போனதை முட்டாள்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. கைத்தொழிலைக் காப்பாற்றின முடிவு அது. அதேநேரம், கூகுளில் தேடினால் கிடைக்காத தமிழை இன்னும் பல வருசம் எழுதவைத்த முடிவும் அதுதான்.

திரும்பிப் போகும் பாதையும் மெல்ல மெல்ல அடைபட்டது. புதுக் கணினிகளின் வன்தட்டு ஏஎச்சிஐ முறையில் வர, எக்ஸ்பி சீடியைப் போட்டால் நீலத்திரைதான். பயோஸுக்குள் போய் ஐடிஇ என்று மாத்தத் தெரிந்தவர் அந்தக் காலத்து வைத்தியர். விண்டோஸ் 8 காலத்துக் கணினிகள் செக்கியூர் பூட் பூட்டோட வந்தன. 2015இல் இன்ரெல் ஆறாந்தலைமுறை வந்தபோது, விண்டோஸ் 7 நிறுவத் தொடங்கினால் யுஎஸ்பி மவுஸும் கீபோர்ட்டும் செத்துப்போகும். அடுத்த தலைமுறை புரொசசர்களுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று மைக்ரோசொப்ட் 2016இல் சொல்லிவிட்டது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஓட நின்றன. 2017 மே மாதம் 'வொன்னக்ரை' வைரஸ் பரவினபோது, செத்த எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிடவேண்டி வந்தது.

இப்ப எங்களுக்குக் கவலை அந்தக் கணினிகளில் கிடக்கும் கோப்புகள்தான். கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டுமலர், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு, கவிதைத் தொகுதி என்று ஒரு ஊரின் எழுத்தில் பெரும்பங்கு பேஜ்மேக்கர் கோப்பாக, பாமினியில் கிடக்கு. ஒரு கல்வெட்டில் வம்சவழியும் ஊர்க்கதையும் இருக்கும். வேற எங்கேயும் இராது. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. 2013க்குப் பிறகு வந்த பதிப்புகள் திறக்காது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அச்சுப் பிரதியை ஸ்கான் செய்து கொடுக்கலாம், ஆனால் அது படம். சொல்லைத் தேட எழுத்து வேணும். மூலக்கோப்பு கிடைச்சால், பாமினியை யுனிகோடாக மாத்துறது சில நிமிச வேலை.

உங்கட ஊர் அச்சகத்தின் மூலையில தூசு பிடிச்ச எக்ஸ்பி பெட்டி ஒன்று நிண்டால், கடைக்காரரிட்ட அதைப் போட்டுக்காட்டச் சொல்லிக் கேளுங்கோ. முதலில் கோப்புகளை ஒரு பென்டிரைவில எடுங்கோ, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கோ, எழுத்தைத் தனியாகவும் சேமியுங்கோ. இன்ரர்நெற் வயரை மட்டும் குத்தவேண்டாம்.