ஸ்பேனர் வீட்டில் ஒரு வாசிப்பு



1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவையும் புளூட்சோவையும் நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். அவர்களை உருவாக்கிய பக்தி இயக்கத்தின் வேரைத் தேடிச் சென்றால், ஜெர்மனியில் ஒரு போதகரின் வீட்டிற்குள் நடந்த நூல் வாசிப்பில் போய் நிற்போம்.

பிராங்க்பர்ட் நகரின் தலைமைப் போதகர் பிலிப் யாக்கோபு ஸ்பேனர். 1670இல் சபையார் சிலர் அவரிடம் வந்து, ஆத்துமாவுக்குப் பயன்தரும் உரையாடலுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டனர். இவ்விண்ணப்பம் போதகரிடமிருந்து அன்று, சபையாரிடமிருந்தே எழுந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஸ்பேனர் தம் வீட்டைத் திறந்துவிட்டார்.

வாரம் இருமுறை கூடினர். முதலில் அவர்கள் கையிலெடுத்தது பக்தி நூல்களையே. அவற்றுள் ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் லூயிஸ் பெய்லி எழுதியது. லுத்தரன் சபையார் அயல் சபையின் நூலை வாசிக்கத் தயங்கவில்லை. ஒரு பகுதி வாசிக்கப்பட்டபின், படித்தவரும் பாமரரும் அதைக் குறித்துப் பேசலாயினர். பெண்கள் மட்டும் தனியே அமர்ந்து கேட்டனர், பேச இடமில்லை. அக்குறையை மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளில் அந்நூல்களே அவர்களைத் திருமறையண்டை கொண்டுவந்து சேர்த்தன. பின்னர் வேதாகமத்தையே வாசித்தனர்.

1675இல் யோகான் ஆர்ண்டின் சுவிசேஷப் பிரசங்கங்கள் மறுபடியும் அச்சேறியபோது ஸ்பேனர் அதற்கு முன்னுரை எழுதினார். ‘பக்தியுள்ள வாஞ்சைகள்’ என்று பொருள்படும் பெயரோடு பின்பு தனி நூலாகிப் புகழ்பெற்றது அம்முன்னுரையே. கர்த்தருடைய வசனம் ஜனங்களிடையே இன்னும் மிகுதியாய்ப் புழங்கவேண்டும் என்பது அதன் முதல் ஆலோசனை.

ஆபத்தும் வந்தது. கூட்டத்தைத் தொடங்கத் தூண்டியவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஷுட்ஸ் முதலானோர், பொதுச் சபையாரோடு திருவிருந்தில் பங்குபெற மனமின்றி விலகினர். சபைக்குள் ஒரு சிறு சபையாக இருங்கள், சபையைவிட்டுப் போகாதிருங்கள் என்பதே ஸ்பேனரின் மன்றாட்டு. 1682இல் கூட்டம் ஆலயத்திற்கு மாற்றப்பட்டது. ஆனால் அங்கே எளியோர் வாய் திறக்கவில்லை. இறையியல் கற்றோரே பேசினர். என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

ஆயினும் விதை வீணாகவில்லை. ஸ்பேனரின் ஆதரவால் ஹாலே நகரில் பணியேற்ற பிராங்கே அந்நகரை இவ்வியக்கத்தின் மையமாக்கினார். அங்கே பயின்றவரே சீகன்பால்கு.

வருகிற வெள்ளி மாலை நாமும் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’ நூலை வாசிக்கத் தொடங்குகிறோம். கூடுமிடம் ஆலயமன்று, ஒரு சபையாரின் இல்லம். சகோதரிகளும் பேசுவார்கள். நான் கடைசியாகப் பேசுவேன்.