வீட்டுத் தோட்டம் போடப் போறீங்களா? குறைந்த செலவில் நல்ல விதை கிடைக்கும் வழிகள்: முழு விவரம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆனால், மாடியிலோ வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்திலோ தோட்டம் போட நினைப்பவர்களுக்கு அந்தத் 'தேடல்'தான் பெரிய தலைவலி. பாக்கெட் பாக்கெட்டாக விதை வாங்கினால் செலவு கூடுகிறது. விலை குறைவு என்று கண்ட இடத்தில் வாங்கினால் முளைக்கவே மாட்டேங்குது. முளைக்காத விதையால் போவது பணம் மட்டுமல்ல, அந்தப் பட்டமும் சேர்ந்தே போய்விடும். செலவைக் குறைத்து, முளைக்கும் விதையைப் பெறுவது எப்படி? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

செலவு எங்கே கூடுகிறது?

ஒரு கிராம் தக்காளி விதையில் சுமார் 300 விதைகள் இருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 5 அல்லது 6 தக்காளிச் செடிகள் போதும். மீதி விதை அலமாரியில் கிடந்து, ஈரத்திலும் வெப்பத்திலும் முளைப்புத்திறனை இழந்துவிடும். கத்தரி, மிளகாய்க்கும் இதே கதைதான்.

எனவே முதல் சிக்கனம், பாக்கெட்டைப் பங்கு போடுவது. ஒரே தெருவில், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டம் போடும் 4 வீடுகள் சேர்ந்து ஆளுக்கு 3 வகை வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் 12 வகை விதை கிடைத்துவிடும்.

சமையலறையிலேயே இருக்கும் விதைகள்

வெந்தயம், கடுகு, முழு தனியா, முழு பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவை அஞ்சறைப்பெட்டியிலும் மளிகை டப்பாவிலும் இருக்கும் விதைகள்தான். உடைத்த பருப்பும் வறுத்ததும் முளைக்காது. தனியாவை அப்படியே போடக்கூடாது. ஒரு தனியாவுக்குள் 2 விதைகள் இருக்கும். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி, இரண்டாகப் பிரித்துப் போட்டால் நன்றாக முளைக்கும்.

சிலவற்றுக்கு விதையே தேவையில்லை. புதினா, பொன்னாங்கண்ணி, பசலை ஆகியவற்றில் இலையை ஆய்ந்த பிறகு முற்றிய தண்டை நட்டாலே துளிர்த்துவிடும். முருங்கைக்கு ஒரு போத்து போதும். முளைவிட்ட சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போடாமல் மண்ணில் ஊன்றலாம்.

மார்க்கெட் காயிலிருந்து விதை எடுக்கலாமா?

எல்லாக் காயிலிருந்தும் எடுக்க முடியாது. வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு, புடலை, சுரை எல்லாம் பிஞ்சாக இருக்கும்போதே பறித்து விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் விதை முதிர்ந்திருக்காது, போட்டாலும் முளைக்காது. நன்கு பழுத்த தக்காளி, பழுத்த பாகல், முற்றிய மஞ்சள் பூசணி, பப்பாளி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றின் விதைகளை முயற்சி செய்து பார்க்கலாம். உழவர் சந்தைக்குப் போகும்போது, விளைவித்தவரிடமே 'ஒரு முற்றின காய் கொண்டு வாங்க' என்று சொல்லி வைப்பதும் நல்ல வழி.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சந்தைக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம். அதன் விதை முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால், தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரு செடியில் பெரிய காய், பக்கத்துச் செடியில் சின்னக் காய் என்று கலந்து வரும்.

ஹைபிரிட் என்றால் மரபணு மாற்று விதையா?

இல்லை. இது பலருக்கும் இருக்கும் குழப்பம். இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கை மூலம் ஒட்டுச் சேர்த்து உருவாக்குவதுதான் ஹைபிரிட். பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருக்கும். இந்தியாவில் வணிகரீதியாகச் சாகுபடி செய்ய அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டும்தான். பிடி கத்தரிக்கு 2010-ல் மத்திய அரசு தடை போட்டது.

ஆனால் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு எஃப்1 சரிப்படாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். நாட்டு ரகம் அல்லது எஃப்1 அல்லாத ரகம் வாங்கினால், அடுத்த முறைக்கு விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.-1 முருங்கை, பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா வெண்டை ஆகியவை இப்படிப்பட்ட ரகங்கள்.

அரசு வழியில் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை, வீட்டுத் தோட்டத்துக்கான விதைத் தொகுப்புகளை மானியத்தில் வழங்கி வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் 12 வகைக் காய்கறி விதைகள் கொண்ட தொகுப்பு 15 ரூபாய்க்கும், மாடித்தோட்டத் தொகுப்பு 225 ரூபாய்க்கும் வழங்கப்பட்டன. 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கப்பட்டு, காய்கறி விதைத் தொகுப்புகள் முழு மானியத்தில் அறிவிக்கப்பட்டன. திட்டமும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே பட்டம் தொடங்கும் முன்பே உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, துறையின் இணையதளத்திலோ விசாரித்துவிடுங்கள். ஆதார் விவரத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றிலும் விதை விற்பனை உண்டு. பெங்களூரு நிறுவனமும், மத்திய அரசின் தேசிய விதைக் கழகமும் ஆன்லைனிலும் விற்கின்றன.

விதைத் திருவிழாக்கள்

நாட்டு விதைகளைத் தேடுபவர்களுக்கு விதைத் திருவிழாக்கள்தான் நல்ல இடம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன், 2 கிலோ விதைநெல் கொடுத்து, விளைந்த பிறகு 4 கிலோவாகத் திருப்பி வாங்கும் முறையைக் கடைப்பிடித்தார். அந்தக் கைமாற்று வழக்கத்தைக் காய்கறி விதையிலும் பின்பற்றலாம். கொஞ்சம் வாங்குங்கள், விளைந்ததும் கூடுதலாகத் திருப்பிக் கொடுங்கள். விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிகளுக்கு உள்ள உரிமையை 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் அங்கீகரிக்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* ரகத்தின் பெயர், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் சதவீதம் பாக்கெட்டில் இருக்கிறதா?
* வெயில் படும் இடத்தில் தொங்கவிட்ட பாக்கெட்டைத் தவிர்க்கவும்.
* இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதை பூஞ்சணக்கொல்லி கலந்தது. சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.
* ஆன்லைனில் 'நீல ஸ்ட்ராபெர்ரி', 'வானவில் ரோஜா' என்று படம் காட்டி விற்றால் ஏமாற வேண்டாம். அப்படிச் செடிகளே கிடையாது.
* கேட்காமல் தபாலில் வரும் விதையை நடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய மர்ம விதைப் பொட்டலங்கள் குறித்து 2020-ல் மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரித்தது.

முளைக்குமா? 10 விதை சோதனை

எந்த விதையானாலும் மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். 10 விதையை எடுத்து, ஈரத் துணியில் மடித்து, ஒரு டப்பாவில் வைத்து மூடவும். துணி காயாமல் தண்ணீர் தெளிக்கவும். கீரை, வெண்டை, அவரை ஒரு வாரத்துக்குள் முளைவிடும். கத்தரி, மிளகாய்க்கு 2 வாரம் வரை பொறுக்க வேண்டும்.

10-க்கு 8 முளைத்தால் 80 சதவீத முளைப்புத்திறன். விதைச் சான்றளிப்புத் தரத்தின்படி தக்காளி, கத்தரிக்குக் குறைந்தபட்சம் 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் இருக்க வேண்டும். 4, 5-தான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு விதை போடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் வேறு விதை தேடுவதே நல்லது.

அடுத்த பட்டத்துக்குச் செலவே இல்லை

நன்றாகக் காய்க்கும் ஒரு செடியில், நோய் தாக்காத 2 காய்களை விதைக்கென்று விட்டுவிடுங்கள். அவரை, கொத்தவரை, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை என்பதால் ரகம் கலக்கும் வாய்ப்பு குறைவு. பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரியில் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் விதைக்கு விடும்போது ஒவ்வொன்றிலும் ஒரே ரகத்தை மட்டும் வளர்ப்பது பாதுகாப்பு.

வெண்டை, அவரையைச் செடியிலேயே காயவிட்டுப் பறிக்கவும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு போக, கூழோடு ஒரு டம்ளரில் 2 நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்தவும். நன்கு காய்ந்த விதையை, கொஞ்சம் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் தாங்குவது கடினம். தக்காளி விதை சரியாக வைத்தால் 3 ஆண்டு வரைகூட முளைக்கும்.

முதல் பட்டத்தில் மட்டும் விதைக்குக் கொஞ்சம் செலவு செய்தால் போதும். தைப்பட்டத்துக்கு உங்கள் பாட்டிலில் இருப்பதே வீட்டுக்கும் ஆகும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் மிஞ்சும்.