மூளையதிர்ச்சியும் மூளைப் படமெடுப்பும் (விளையாட்டு மருத்துவம்)

தலையில் அடிபட்ட வீரருக்கு மூளையதிர்ச்சி (கன்கஷன்) ஏற்பட்டுள்ளதா என்பதை ஸ்கேன் படம் காட்டிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சி.டி. ஸ்கேன் எடுப்பது மண்டையோட்டு முறிவோ ரத்தக்கசிவோ இல்லை என்று உறுதிசெய்யத்தான். மூளையதிர்ச்சியில் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். காரணம், அதிர்வில் நரம்பிழைகள் இழுபடுவதும் செல்களின் வேதிச் சமநிலை குலைவதும் சாதாரணப் படத்துக்கு எட்டாத நுண்ணிய மாற்றங்கள்.

எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டிஃப்யூஷன் டென்சர் முறை, நீர்மூலக்கூறுகள் நகரும் திசையைக் கொண்டு வெண்பொருளின் நரம்பிழைக் கட்டமைப்பை அளவிடுகிறது. செயல்சார் எம்.ஆர்.ஐ., மூளைப் பகுதிகள் இயங்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைப் பதிவுசெய்கிறது. இரண்டும் மூளையதிர்ச்சி அடைந்தோர், அடையாதோர் என்ற குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டுகின்றன. தனியொரு வீரருக்குத் தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு வரவில்லை.

எனவே நோயறிதல் இன்றும் அறிகுறிகள், நினைவாற்றல், உடற்சமநிலை ஆகியவற்றைச் சோதிக்கும் மருத்துவரின் கையில்தான் உள்ளது. ஆனால் அச்சோதனையிலும் அறிகுறிகள் உடனே தெரியாமல் போகலாம். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்து வீரர் ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்ட ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித், முதல் சோதனையில் தேறி மீண்டும் பேட் செய்தார். அறிகுறிகள் தாமதமாகத் தெரியவே, மறுநாள் அவருக்குப் பதிலாக லபுஷேன் மாற்று வீரராக இறங்கினார்.

தொடர் அடிகளோடு தொடர்புடைய சி.டி.இ. என்னும் மூளைச்சிதைவு நோயை, இறந்தபின் மூளைத்திசுவை ஆராய்ந்துதான் உறுதிப்படுத்துகிறார்கள். இந்நோயில் மூளையில் சேரும் டவ் புரதத்தை உயிரோடிருப்பவரிடம் காணும் பெட் ஸ்கேன், இந்நோயைப் பொறுத்தவரை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.